ஒரே கட்டணம், 110 நாற்காலி: குரூப் 4 பயிற்சி வகுப்பில் ஐந்து மாதம்

பாளையங்கோட்டையில் நான் ஐந்து மாதம் போன குரூப் 4 (அரசு வேலைத் தேர்வு) பயிற்சி மையம் எப்படி இருக்கிறது என்று எங்கள் தெருவிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எத்தன மணி பஸ்ஸுக்குப் போவ?" கேட்டவர்களுக்கு அது கிண்டலாகப் பட்டிருக்கும். கிண்டல் இல்லை. அந்த மையத்தில் எட்டரைக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு வகுப்பு, ஒன்பதே காலுக்குப் போனால் வேறு வகுப்பு. நடத்துவது அதே சார், அதே பாடம், அதே கட்டணம். உட்காரும் இடம்தான் வேறு.

மையத்தின் பெயரைப் போடவில்லை. பாடம் நடத்துகிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் நாற்காலிகள்மேலும், அவற்றைப் பங்குபோட்ட விதத்தின்மேலும்தான். அதற்காக ஒரு பெயரைக் கெடுக்க மனம் வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஊர் பத்தமடை. வயது 33. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். பையன் இரண்டாம் வகுப்பு. 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வை வீட்டிலிருந்தே படித்து எழுதினேன். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்வி எனக்குப் பயமில்லை. மீதி நூறில் 75 பொது அறிவு, 25 திறனறிவு. அங்கேதான் சறுக்கினேன். வீட்டுக்காரர், "காசு போனாலும் பரவால்ல, ஒரு தடவ வகுப்புக்குப் போய்ப் பாரு" என்றார். ஆகஸ்டில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மட்டும், காலை 9.30 முதல் மாலை 4.30 வரை. கட்டணம் 11,000 ரூபாய், இரண்டு தவணை.

வகுப்பு நடக்கும் இடம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலாக இருந்தது. அப்படி யாரும் சொல்லவில்லை. பின்சுவர் ஓரமாகக் கைகழுவும் தொட்டி வரிசையாக ஆறு குழாயோடு இன்னும் அப்படியே இருக்கிறது, அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பந்தி ஹால் என்றால் நீளம் அதிகம், அகலம் குறைவு. வெள்ளைப் பலகையைக் குறுகிய சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் ஒரு பந்தி பரிமாறும் தூரம். இடப்பக்கம் மூன்று, நடுவில் ஐந்து, வலப்பக்கம் மூன்று என்று ஒரு வரிசைக்குப் பதினொரு நாற்காலி. அப்படிப் பத்து வரிசை. கூரையைத் தாங்க இரண்டு தூண். விளம்பர நோட்டீஸில் 'குளிரூட்டப்பட்ட வகுப்பறை' என்று போட்டிருந்தது. ஏ.சி. இரண்டு உண்டு. இரண்டும் பலகைக்குப் பக்கத்தில். நான்காம் வரிசையோடு குளிர் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் மின்விசிறி ராஜ்ஜியம்.

முதல் சனிக்கிழமை நான் 9.20க்குப் போனேன். பத்தமடையிலிருந்து கட்டணமில்லாப் பேருந்தில் நெல்லை சந்திப்புக்கு வந்து, அங்கே பாளை பஸ் மாற வேண்டும். அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு உலை வைக்க வேண்டும். நான் உள்ளே போனபோது முன்னால் நிறைய நாற்காலி காலியாக இருந்ததுபோலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றில் நோட்டு, ஒன்றில் கர்ச்சீப், ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் ஒற்றைக் கம்மல்கூட. பாளையிலேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து இடம் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போயிருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற பழக்கம் எங்கும் போகாது போலிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஏழாம் வரிசை, இடது தூணுக்குப் பின்னால்.

தூண் இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏழு வாரம் அங்கே குடியிருந்தேன். பலகையின் நடுப்பகுதி தெரியாது. இடது ஓரம் தெரியும், வலது ஓரம் தெரியும். திறனறிவு சார் கணக்கை இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தில் விடை எழுதுவார். அதாவது கேள்வியும் பதிலும் எனக்குக் கிடைத்துவிடும். வழிமுறை மட்டும் தூணுக்குள் இருக்கும். தனிவட்டியில் தொடங்கி கூட்டுவட்டி வரைக்கும் நான் படித்தது அப்படித்தான். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் பலகையின் முக்கால்வாசி தெரியும், ஆனால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அவர் "யக்கா, கொஞ்சம்" என்பார். நான் நிமிர்ந்துவிடுவேன். தமிழ் வகுப்பிலும் இதே கதை: அசை பிரித்து தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று எழுதிக்கொண்டே போவார், எனக்குத் தேமாவும் கூவிளமும் தெரியும், நடுவில் சிமெண்டு.

தூணுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதில் மின்சார ப்ளக் இருக்கிறது. அதற்காகவே அங்கே உட்காருகிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் போனில் சார்ஜ் காலை பத்துக்கே தீர்ந்துவிடும்.

பார்க்க முடியாவிட்டால் கேட்கலாமே என்றால், அரசியலமைப்பு வகுப்பில் அதுவும் நடக்கவில்லை. அந்த சார் பலகையைத் தொடவே மாட்டார். சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு நடந்தபடி சொல்வார். ஒலிபெருக்கி ஒன்று பலகைக்கு இடப்பக்கம், இன்னொன்று வலது தூணின்மேல். இரண்டிலிருந்தும் வரும் குரல் பின்வரிசையில் ஒன்றோடொன்று மோதி, அதோடு என் தலைக்குமேல் ஓடும் மின்விசிறியின் 'டக் டக்'கும் சேர்ந்துகொள்ளும். சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுக்கப்பட்டது எந்தத் திருத்தத்தில் என்று சொன்னபோது எனக்கு 'நாற்பத்தி' மட்டும் கேட்டது. முந்தைய வரியில் 42ஆவது திருத்தம், 1976, முகப்புரை என்று எழுதியிருந்ததால் அதுவே என்று நினைத்து 42 என்று எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறு தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. முழு நம்பிக்கையோடு 42ஐக் கறுப்பாக்கினேன். விடை 44, 1978. அந்த ஒரு கேள்வி போனது பெரிதில்லை. என் நோட்டில் இப்படி இன்னும் எத்தனை இருக்கிறது என்ற பயம்தான் பெரிது. அன்று இரவு மொத்த நோட்டையும் பள்ளிப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்த்தேன். ஒன்பது இடம் தவறு. ஒன்பதும் எண்கள்.

இதையெல்லாம் அனுபவித்த பிறகுதான், யார் எங்கே உட்காருகிறார்கள், ஏன் என்று கவனிக்க ஆரம்பித்தேன். இடைவேளையில் எனக்கு வேறு வேலையும் இல்லை.

இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. முதல் நாளே அப்படி ஆகிவிட்டது. நடுவில் முன்பாதி பெண்கள், பின்பாதி ஆண்கள். ஏ.சி.க்கு நேர் கீழே இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். இடம் கிடைத்துவிட்டதென்று ஒருநாள் அதில் போய் உட்காரப் போனேன். "அங்கன உக்காராதீங்கக்கா, தண்ணி சொட்டும்" என்றாள் பக்கத்துப் பெண். சொட்டியது. வாசலோரக் கடைசி நாற்காலி ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு. யாரும் அவர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் தங்கமானவர்கள். பலகை இருக்கும் முன்சுவரை ஒட்டிய முதல் வரிசை ஓரம் யாருக்கும் பிடிக்காது. அங்கே கழுத்து வலிக்கும், அதோடு சார் கேள்வி கேட்கும்போது கண் நேராக அங்கேதான் விழும்.

மேசை கிடையாது. வலக்கைப் பக்கம் எழுதுபலகை வைத்த நாற்காலிகள்தான். இதில் இடக்கைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஐந்தாம் வரிசையில் ஒரு பெண் விடாமல் ஒரே இடத்தில் உட்காருவாள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலியின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. உட்கார்ந்தால் தொடையைக் கடிக்கும். அதில் யாரும் உட்கார மாட்டார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும். அந்த உடைந்த நாற்காலியின் எழுதுபலகை இவள் இடக்கைக்குச் சரியாக வந்து நிற்கும். அவளைத் தவிர யாருக்கும் அந்த ரகசியம் தெரியாது. செப்டம்பரில் மையத்துக்காரர்கள் நல்ல மனதோடு உடைந்ததை எடுத்துவிட்டுப் புது நாற்காலி போட்டார்கள். அதில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை அன்று முழுக்க உடம்பை முறுக்கிக்கொண்டு எழுதியதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நாற்காலிகள் எல்லாமே தகரம். பிற்பகலில் சூடு ஏறிவிடும். நான் எங்கள் ஊர்க் கோரைப்பாயில் வெட்டுப்பட்டு மிஞ்சிய ஒரு துண்டை ஓரம் மடித்துத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். பத்தமடைக்காரி பாயில்லாமல் உட்காருவாளா என்று கேலி செய்தவர்களில் நான்கு பேர் பிறகு என்னிடமே வாங்கித் தரச் சொன்னார்கள்.

அப்புறம் மாப்பிள்ளை பெஞ்ச். பெஞ்சே இல்லாத இடத்திலும் வலது கடைசி வரிசைக்கு அந்தப் பெயர் எப்படியோ வந்துவிட்டது. முதல் வாரம் நானும் எல்லோரையும்போலத்தான் நினைத்தேன்: படிக்க வராதவர்கள், பொழுதுபோக்க வந்தவர்கள். பேசிப் பார்த்த பிறகு வேறு. ஒருவர் பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை முடித்து நேரே வருகிறார். சாய்ந்துகொள்ள அவருக்குப் பின்சுவர் வேண்டும், இடைவேளையில் பத்து நிமிஷம் கண்ணயர்ந்தால்தான் மதியம் தாங்கும். இருவர் என்னைவிடத் தூரத்து ஊர்க்காரர்கள், பஸ் அவர்களை ஒன்பதரைக்குத்தான் இறக்கிவிடுகிறது. ஒருவர் மட்டும் நிஜமாகவே அரட்டைக்கு வந்தவர். அவர் ஒருவரை வைத்து மொத்த வரிசைக்கும் பெயர்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடியதுதான். எனக்குக் கோபம் வந்தது அக்டோபரில். ஞாயிறு தேர்வின் ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். அக்டோபர் முதல் வாரம் அதன் கீழேயே ஒரு அறிவிப்பு: 'முதல் 44 ரேங்க் முதல் நான்கு வரிசை. மற்றவர்கள் அதற்குப் பின்னால்.' இடம் போடுகிற சண்டை ஓய வேண்டும், பிள்ளைகளுக்கு உத்வேகம் வர வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏற்கெனவே பலகை தெரிகிறவர்கள், குரல் கேட்கிறவர்கள், ஏ.சி.யில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்த 44 பேர். தெரிகிறவருக்கே தெரியட்டும், கேட்கிறவருக்கே கேட்கட்டும் என்று ஒரு விதி.

வலப்பக்கம் மூன்றாம் வரிசையில் சுவரோரமாக ஒரு அண்ணன் உட்காருவார், வயது நாற்பதுக்குக் கிட்ட. அந்த இடத்தை யாருமே விரும்ப மாட்டார்கள். மேற்குப் பக்க ஜன்னலிலிருந்து வரும் வெயில் இரண்டு மணிக்குமேல் பலகையில் பட்டு அந்த மூலைக்குத்தான் அடிக்கும். எழுத்தெல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும். காலையில் எட்டு மணிக்கே வருகிறவர் ஏன் அங்கே போய் உட்காருகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டேன். அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. வலப்பக்கம் சுவர் இருந்தால் வகுப்பு மொத்தமும் இடது காதுப் பக்கம் வந்துவிடும். "கண்ணு கூசினா பக்கத்துல கேட்டு எழுதிக்கிடலாம்மா, காதுல விழாததை யார்ட்டப் போய்க் கேக்க?" என்றார்.

அவர் ரேங்க் 51. புது விதிப்படி நடுவரிசையின் பின்பகுதியில், இடது ஓரத்தில் இடம் கிடைத்தது. தூணில் இருக்கிற ஒலிபெருக்கி இப்போது அவருக்கு வலப்பக்கம். அடுத்த ஞாயிறு 63, அதற்கடுத்து 78. அவர் வாய் திறக்கவில்லை. முன்னால் போக வேண்டுமென்றால் ரேங்க் எடுக்க வேண்டும், ரேங்க் எடுக்க வேண்டுமென்றால் முன்னால் இருக்க வேண்டும். சுவர் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்தான். கேட்டால் வகுப்பு முழுக்கக் காது விஷயம் தெரிந்துவிடும் என்று கூச்சப்பட்டார்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை, என் தூணைப் பற்றியும் விதியைப் பற்றியும்தான் பேசினேன். பி.எட். படித்த காலத்தில் தெரிந்துகொண்ட ஒன்று ஞாபகத்தில் இருந்தது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெரிய இயற்பியல் வகுப்பு ஒன்றில், யார் எங்கே உட்காருவது என்பதை மாணவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல்போல ஒதுக்கினார்கள். பாதிப் பருவம் ஆனதும் முன்னால் இருந்தவர்களைப் பின்னாலும், பின்னால் இருந்தவர்களை முன்னாலும் மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால், தொடக்கத்தில் முன்னால் உட்கார்ந்தவர்களில்தான் அதிகம் பேர் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார்கள். 2005இல் இதை வெளியிட்ட இருவரில் ஒருவர் கார்ல் வீமன், 2001இல் இயற்பியல் நோபல் பெற்றவர். பின்னால் வேறு ஊரில் செய்து பார்த்தவர்களுக்கு இதே முடிவு வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் நல்ல பிள்ளைகள் தாமாகவே முன்னால் போய் உட்காருகிறார்கள் என்ற ஒரே காரணத்தோடு விஷயம் முடிந்துவிடாது என்பதை யோசிக்கவாவது வைக்கும்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். "மேடம், அது அமெரிக்கா" என்றார்.

அந்த வருஷம் ஜூலையில் நம் பள்ளிக்கல்வித் துறையே பிள்ளைகளை 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொன்னதே என்றேன். அவர் அதற்கும் தயாராக இருந்தார். "கழுத்து வலிக்கும்னு எல்லாரும் சொன்னாங்களே மேடம், படிக்கலையா? அதுவும் இந்த ஹாலுக்கு 'ப' போட்டா நடுவுல ரெண்டு தூண் நிக்கும்." அதில் நியாயம் இருந்தது. ஓரமாக உட்கார்ந்து பலகையைத் திரும்பிப் பார்க்கிற அவஸ்தை எனக்குத் தெரியாததா? நான் கேட்டது சுலபமான ஒன்று: வாரம் ஒரு வரிசை பின்னுக்கு நகரட்டும், கடைசி வரிசை முதல் வரிசைக்கு வரட்டும். தொடக்கப் பள்ளியில் எங்கள் டீச்சர் செய்ததுதான். கண், காது, கர்ப்பம், இடக்கை என்று காரணம் உள்ளவர்கள் தனியாகச் சொல்லி ஓர் இடத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளட்டும். காரணத்தைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

"யோசிக்கிறோம்" என்றார். இந்த இடத்தில் மையத்தைப் பாராட்டியாக வேண்டும், யோசித்தார்கள். நவம்பர் இரண்டாம் வாரம் ரேங்க் வரிசை போனது, சுழற்சி வந்தது. அந்த அண்ணன் அலுவலகத்தில் தனியாகச் சொல்லித் தன் சுவரோர இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இடக்கைப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டார்கள். அதில் அவள் பை உட்கார்ந்திருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எட்டு மணிக்கே வந்ததற்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களும் தூக்கத்தை விட்டுத்தானே வந்தார்கள்.

என் கதை? ஆகஸ்டில் ஞாயிறு தேர்வில் நூற்றுக்கு 54, ஜனவரி கடைசித் தேர்வில் 76. எல்லாம் நாற்காலி மாறியதால் என்று சொன்னால் பொய். நவம்பரிலிருந்து வீட்டுக்காரர் காலைச் சமையலை எடுத்துக்கொண்டார், நான் முந்தைய பஸ்ஸில் போனேன். இரண்டும் சேர்ந்துதான்.

சேர நினைக்கிறவர்களுக்கு என் மதிப்பீடு. பாடம் நடத்துவதற்கு ஐந்துக்கு நாலரை, திறனறிவு சாருக்கு மட்டும் தனியாக ஐந்து. தேர்வுகள் ஒழுங்காக நடக்கின்றன, விடைத்தாள் அன்றே திருத்திக் கிடைக்கும். கழிப்பறை சுமார். அச்சிட்ட குறிப்புகள் வேண்டாம், பள்ளிப் புத்தகமே போதும். ஹாலுக்கு: மூன்றாம், நான்காம் வரிசையின் நடுவில் நாலு, பின்வரிசைகளுக்கு இரண்டு, தூணுக்குப் பின்னால் ஒன்று, அதுவும் ப்ளக்குக்காக. முன்பணம் கட்டும் முன்பு சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போதே போய், கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விட மாட்டோம் என்றால் கட்டாதீர்கள்.

புது பேட்ச் தொடங்கிவிட்டது. தேர்வுத் தொகுப்புக்கு மட்டும் பணம் கட்டப் போன சனிக்கிழமை போயிருந்தேன். மணி எட்டரைகூட ஆகவில்லை. ஹாலில் ஏழெட்டுப் பேர்தான். முன்னால் அத்தனை இடமும் காலி. என் பழைய தூணுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், இருபது வயதிருக்கும், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடி எல்லாம் காலியாத்தானே கிடக்கு, அங்க போய் உக்காரலாம்லா? இங்கன இருந்தா போர்டு தெரியாது" என்றேன்.

"தெரியும்க்கா. பரவால்ல" என்றாள். "இங்கன உக்காந்தா சாருக்கு நான் தெரிய மாட்டேன். கேள்வி கேக்க மாட்டாவ."

எண்கள் சரியாகக் கேட்காது, 44ஐ 42 என்று எழுதுவாய் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் ரசீது வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது பார்த்தேன், நாற்காலியை இன்னும் ஒரு சாண் தூண் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தாள்.